கூழுக்கு ஒரு பற்றறி

1

கூழ் காய்ச்சுவதற்காகப் பற்றறி வாங்கினேன் என்று ஊரில் உங்கள் யாரிடமாவது சொன்னால், இவளுக்குப் பினாங்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்பீர்கள். விறகு இருக்கிறது, காஸ் இருக்கிறது, ஒன்றுமில்லாத காலத்தில் தென்னம்பாளையும் பொச்சுமட்டையும் வைத்தே காய்ச்சியிருக்கிறோம். கூழுக்கு இதற்கு மேல் என்ன வேண்டிக் கிடக்கிறது? ஆனாலும் நானும் இவரும் பெர்ரியில் அக்கரைக்குப் போய், பட்டறைகளுக்கு நடுவே அலைந்து திரிந்து, கரன்டைச் சேமித்து வைக்கிற ஒரு பெரிய பற்றறிப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இவரால் இப்போது பாரம் தூக்க இயலாது என்பதால் ஒரு தள்ளுவண்டியும் சேர்த்து வாங்கினேன்.

இவர் என்றால் என் கணவர் நாதன். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். இவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்கு வந்து இங்கேயே வேரூன்றியது. இவரும் துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இவர் பவா என்று கூப்பிடுகிற நான் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணமாகி வந்தவள். நான் இங்கே வந்திறங்கிய நாளை ஆண்டுதோறும் இவர் மறக்காமல் கொண்டாடுவார். கேக் கிடையாது, பூங்கொத்து கிடையாது. தஞ்சோங் பூங்கா கடற்கரையில் கரியடுப்பு மூட்டி, ஒரு பானை கூழ்.

கடைசியாகக் காய்ச்சியது எப்போது என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இவருடைய நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிறது. புகை பட்டால் இருமத் தொடங்குகிறார், தொடங்கினால் நிற்பதில்லை. கரியடுப்பைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தோம். அதற்குப் பிறகு இவர் வெளியே வருவதையே விட்டுவிட்டார். எங்கள் வீடு ஜெலுத்தோங்கில், அடுக்குமாடியின் உயரத்தில். பலகணியில் நாற்காலியைப் போட்டு, தூரத்தில் தெரிகிற ஒரு துண்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கடற்கரைக்குப் போவோமா என்றால், "என்னாத்துக்கு? இங்கேருந்தே தெரியுதே லா" என்பார், இங்கத்துக்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு ஒட்டுகிற அந்த "லா"வோடு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவர் மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இனி வீட்டில் மூச்சுக்கு ஒட்சிசன் தருகிற மெஷின் வைக்க வேண்டி வரும் என்றார். அது கரன்டில் ஓடுவது, கரன்ட் போனால் நின்றுவிடும், மாற்று வழி ஒன்றை இப்போதே யோசித்து வையுங்கள் என்றும் சொன்னார். அதை நான் இவரிடம் சொல்லவில்லை. "புகையில்லாமல் கூழ் காய்ச்சப் போறன், பற்றறி வாங்குவம்" என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான். இவரை அந்த நாற்காலியிலிருந்து கிளப்ப வேண்டும், வரப்போகிற நாளுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைக்கப் பார்த்தேன்.

2

நான் வந்திறங்கிய நாள் இன்னமும் கனவில் வருகிறது. கனவில் எப்போதும் விமான நிலையத்துச் சுங்க மேசையிலேயே நிற்கிறேன். என் பெட்டியைத் திறந்த அதிகாரி ஒடியல் மாப் பொட்டலத்தைக் கையில் எடுத்து மோந்து பார்க்கிறார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா அது, அதற்கென்று ஒரு வாடை உண்டு. "என்ன பவுடர் இது?" என்று கேட்கிறார். எனக்கு மலாய் தெரியாது, இங்கிலீசும் பயத்தில் ஓடிவிட்டது. சாப்பாடு என்று வாயைக் காட்டுகிறேன். அவர் இன்னொருவரைக் கூப்பிடுகிறார், அவர் மற்றொருவரைக் கூப்பிடுகிறார். கண்ணாடிக்கு அப்பால் மாப்பிள்ளை வீட்டார் கையசைத்துக்கொண்டே நிற்கிறார்கள்.

நிஜத்தில் அது கால்மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஒரு பெண் அதிகாரி கொஞ்சம் மாவை நாக்கில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, போகச் சொல்லிவிட்டாள். ஒடியல் மாவின் கசப்பு அன்றைக்கு எனக்குப் பெரிய உதவி செய்தது.

அடுத்த நாள் மாலை இவர் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். என் மாவையும் எடுத்து வரச் சொன்னார். மீனும் நண்டும் இறாலும் பாசாரிலிருந்து வாங்கி வைத்திருந்தார். பலாக்கொட்டை கிடைக்கவில்லையாம், பதிலுக்கு மரவள்ளியைக் கூட்டிப் போட்டார். கரியை மூட்டி விசிறியபோது நெருப்பு இடுப்பளவுக்கு எழும்பியது.  சண்டைக்காலத்தில், பொழுதுபட்ட பிறகு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று வளர்ந்தவள் நான். "நூருங்கோ, நூருங்கோ" என்றேன். நூருவது என்றால் அணைப்பது என்று இவருக்கு விளங்கவில்லை. ஊருக்குப் போகணும் என்கிறேனாக்கும் என்று நினைத்து, "வந்து ஒரு நாள் கூட ஆகலையே லா" என்று பதறினார். அந்தப் பதற்றத்தில்தான் எனக்கு இவரைப் பிடித்துப் போனது.

ஒருவரும் வந்து நெருப்பை அணைக்கச் சொல்லவில்லை. கடல் கறுத்து, தூரத்தில் கப்பல் விளக்குகள் ஒவ்வொன்றாக முளைத்தன. கூழ் கொஞ்சம் தண்ணியாகத்தான் இருந்தது. நான் அழுதுகொண்டே குடித்தேன், உறைப்பு என்று சொன்னேன்.

3

இப்போது அந்தக் கடற்கரையில் நெருப்பு மூட்டக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். மின்சார அடுப்பென்றால் சரிவருமா என்று கேட்க நகரசபை அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தில் இருப்பவரின் கண் ஒரு நொடி அதிகமாக அதில் தங்குவதைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். என்னுடையது சிவப்பு அட்டை. நிரந்தரமாக இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை என்று அதற்குப் பொருள். இங்கே பிறந்த எங்கள் மகளுக்கும் இவருக்கும் நீலம். ஒரே வீட்டில் ஒரே சோற்றைத்தான் சாப்பிடுகிறோம்.

முகப்பில் இருந்த பெண் நல்ல பிள்ளை. நெருப்பு உண்டா என்று மலாயில் கேட்டாள். நெருப்பு இல்லை, கரன்ட் என்றேன். அங்கே பிளக் கிடையாதே என்றாள். பெட்டிக்குள் இருக்கிறது என்றேன். பெட்டிக்குள் என்ன, ஜெனரேட்டரா, சத்தம் போடுமா, எண்ணெய் ஊற்றுவீர்களா? ஒன்றுமில்லை என்றேன். அவள் உள்ளே போய்ப் பெரியவர் ஒருவரோடு வந்தாள். நெருப்பில்லாமல் மீன் அவிக்கப் போகிற அம்மாவை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

நெருப்பு இல்லையென்றால் அனுமதி தேவையில்லை என்று முடிவானது. அதை எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். தேவை என்றால் எழுதித் தருவோம், தேவையில்லை என்பதற்கு எழுத்துக் கிடையாது என்றார். சோதனைச் சாவடிகளில் வளர்ந்தவளுக்குக் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் எங்கேயும் போக மனம் வராது. இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

4

பற்றறி என்ற சொல்லையே இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. பேட்டரி என்கிறார்கள். நான் பற்றறி என்றால் மகள் சிரிப்பாள். அவளுக்கு அது ஒரு சாமான். சுவர் மணிக்கூட்டில் கிடக்கும், ரிமோட்டில் கிடக்கும், தீர்ந்தால் குப்பையில் போடுவாள். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சண்டைக்காலத்தில் அரசாங்கம் எங்களுக்குத் தடை செய்த பொருட்களில் பற்றறியும் இருந்தது. மண்ணெண்ணெய், மெழுகுதிரி, பற்றறி. ஒரு சோடி டோர்ச் பற்றறியை ஒளித்துக் கொண்டுவந்தவன் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள்.

செத்த பற்றறிகளை ஓட்டுக்கு மேலே அடுக்கி வெயிலில் காயவைப்போம். ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணீர் விடுவோம். கொஞ்சம் உயிர் வரும், ஒரு செய்தி கேட்கிற அளவுக்கு. அதுவும் போனால் அண்ணா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றுவான். அவன் கை ஓய்ந்தால் உலகச் செய்தியும் பாதியில் ஓயும். எந்த நாட்டில் என்ன நடந்தது என்பது எனக்கு இன்றைக்கும் அரைகுறையாகத்தான் தெரியும்.

அம்மாவிடம் புதுப் பற்றறி ஒரு சோடி இருந்தது. எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லமாட்டா. அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தா. ஒரு அவசரத்துக்கு என்பா. அண்ணாவுக்குக் காய்ச்சல் வந்த அன்று டோர்ச்சுக்குப் போடுவோமா என்று கேட்டோம். இது அந்த அவசரமில்லை என்றா. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வயிற்றுவலி கண்டபோதும் அதையேதான் சொன்னா. பிறகு எல்லாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு சனத்தோடு சனமாக நடக்க வேண்டி வந்தது. முன்னால் சோதனை நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அம்மா முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து, யாருடையதோ ஒரு கிணற்றுக்குள் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தா.

5

பற்றறிக் கடை அக்கரையில், மாக் மண்டினில் இருக்கிறது, இரும்புப் பட்டறைகளுக்கு நடுவே. இரவுச் சந்தைக்காரர்களும் காடியில், அதாவது காரில், ஊர் சுற்றுகிறவர்களும் அங்கேதான் வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டு இவரைக் கிளப்பினேன். பெர்ரியில் காற்று இதமாக இருந்தது. இவர் என் தோளில் சாய்ந்து கண்ணயர்ந்தார். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்க, படகு எங்கேயும் போகாமல் ஒரே இடத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது. கரையே வராமல் இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. இவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே நானும் பாதி தூங்கினேன்.

கடையில் இருந்தது தமிழ்ப் பெண்தான், குமாரி என்று பெயர், முப்பது வயதிருக்கும். நன்றாகப் பேசினாள், விற்கத் தெரிந்தவள்.

"வாங்க அக்கா, வாங்க அண்ணே. என்ன போடப் போறீங்க அதுல?"

"கூழ்" என்றேன்.

"கூழா? கோயில்ல ஊத்துறாங்களே, அந்தக் கூழா அக்கா?"

"அது இல்ல. மீன், நண்டெல்லாம் போட்டுக் காய்ச்சிறது."

"நண்டு கூழா! அப்ப என்னையும் கூப்புடுங்க லா" என்று சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். "ரெண்டே ரெண்டு கணக்குதான் அக்கா. ஒரே நேரத்துல எவ்வளவு குடுக்கும், அது வாட். மொத்தமா எவ்வளவு வச்சிருக்கும், அது வாட் அவர். லைட்டு, பேன் எல்லாம் சும்மா, கொஞ்சமாத்தான் இழுக்கும். சூடு பண்ணுற சாமான்தான் மடமடன்னு குடிச்சிரும். இண்டக்‌ஷன் அடுப்புன்னா குறைஞ்சது ஆயிரத்தெட்டுநூறு வாட்டு குடுக்கிற பெட்டியா பாருங்க. இல்லன்னா போட்டதும் கட் ஆயிரும்."

அவள் இரண்டு பெட்டிகளைக் காட்டினாள். சின்னது கையில் தூக்கிப் போகலாம், ஒரு பானைக்குத் தாராளமாகப் போதும். பெரியது அதைப்போல் இரண்டு மடங்கு. உள்ளே இருப்பது இரும்பு கலந்த லித்தியமாம், கனம் கூட, ஆனால் எளிதில் சூடேறாதாம், வருடக்கணக்கில் உழைக்குமாம்.

"சின்னதே போதும் லா" என்றார் இவர்.

"பெரிசு எடுப்பம்" என்றேன் நான்.

"ஒரு பானைக் கூழுக்கு எதுக்கு இவ்வளவு பெரிசு? ஊருக்கே காய்ச்சப் போறியா?"

நான் கேட்க நினைத்ததை இவரை வைத்துக்கொண்டு கேட்க முடியவில்லை. மீன் சுடுகிற மின்சாரத் தட்டுகள் கடையின் மறுமூலையில் இருந்தன. அதில் எது நல்லதென்று பார்த்துச் சொல்லுங்கோ என்று அனுப்பிவைத்தேன். சுடுகிற சாமான் என்றால் இவர் மறுபேச்சில்லாமல் போவார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் வைக்கிற ஒட்சிசன் மெஷின் இதில் ஓடுமா என்று கேட்டேன்.

குமாரியின் முகத்தில் இருந்த வியாபாரச் சிரிப்பு போய்விட்டது. "பெரிசுல ஓடும் அக்கா. அஞ்சு மணி நேரம் கிட்ட தாங்கும்னு நெனைக்கிறேன். ஆனா என் பேச்ச மட்டும் நம்பாதீங்க. மெஷின் குடுக்கிறவங்ககிட்ட கட்டாயம் கேட்டுக்குங்க" என்றாள். இவர் திரும்பி வருவதைப் பார்த்ததும், "பெரிசே எடுத்துக்கங்க அண்ணே, மீனும் சுடலாம்" என்று மறுபடி கடைக்காரியாகிவிட்டாள். இவர் மறுக்காமல் ஒரு தட்டையும் எடுத்து வைத்தார். நான் தள்ளுவண்டி பார்க்கக் கடையின் பின்பக்கம் போனேன்.

6

பெட்டி எங்கள் வரவேற்பறையில், நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. நூறு வீதம் என்று திரையில் எழுத்து வரும். காலையில் எழுந்தால் முதலில் அதைப் பார்ப்பேன். நூறு. மத்தியானச் சமையல் முடிந்து கொஞ்சம் சாய்ந்தால், கண் மூடியும் மூடாததுமாக அந்தப் பச்சை எழுத்துத் தெரியும். மனசுக்கு அப்படியொரு நிம்மதி.

அடுத்தது பானை. இண்டக்‌ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டுகிற பானைதான் வேண்டுமாம். குளிர்பெட்டிக் கதவிலிருந்த காந்தப் பொம்மையைக் கையில் எடுத்துக்கொண்டு என் பானைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மண்சட்டி பொம்மையைக் கீழே தள்ளியது. அலுமினியம் தள்ளியது. சீதனமாகக் கொண்டுவந்த பித்தளையும் தள்ளியது. மகள் எப்போதோ ஸ்பகெட்டி அவிக்க வாங்கிவிட்டு மறந்து போன பானையில் மட்டும் பொம்மை ஒட்டிக்கொண்டது.

மகள் யாழினி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் இருந்த காலத்தில் அவளோடு நான் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைப்பேன். அவள் பினாங்குத் தமிழில் பதில் சொல்வாள். இப்போது பதில் பாதி இங்கிலீசில் வருகிறது, மீதி படங்களாக வருகிறது. இதயம், பூனை, கண்ணீர் விட்டுச் சிரிக்கிற மூஞ்சி. என் கேள்வி எதற்கு அந்தப் பூனை பதில் என்று எனக்கு விளங்குவதில்லை. கூழுக்கு வருவாயா என்று கேட்டேன். "லீவு இல்ல ம்மா, ஸோ ஸாரி. அப்பாவ வீடியோ எடுத்து அனுப்பு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் வைத்த பிறகும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு திட்டினேன்.

கோபத்தில் ஒரு பங்கு பெட்டியின் மேலும் இருந்தது. ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம் என்று இவர் அடுப்பைப் பொருத்தித் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். நூறு தொண்ணூற்றெட்டானது, பிறகு தொண்ணூற்றேழு. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "போதும், போதும், காஸில வைக்கிறன்" என்று நிறுத்திவிட்டேன்.

அந்த வாரமே ஒரு மாலையில் எங்கள் கட்டடத்தில் கரன்ட் போனது. லிப்ட் நின்றது, நடைக்கூடம் இருண்டது. நான் சாமித்தட்டிலிருந்த சின்ன விளக்கை எடுத்து வந்து, திரி தூண்டி, பற்றறிப் பெட்டியின் மேலேயே வைத்தேன். இவர் விளக்கைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன பவா இது? ரெண்டாயிரம் வாட்டு பெட்டிக்கு மேல எண்ணெய் விளக்கா?"

"இது சும்மா போய் வாற கரன்ட். இதுக்கெல்லாம் அதைத் தொடக்கூடாது."

"அப்ப எதுக்குத்தான் தொடுறது?"

நான் திரியை இன்னும் கொஞ்சம் தூண்டிவிட்டேன். இவர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியதாயிற்று. இந்த நாட்டில் வேறு எந்த வீட்டிலும் அப்படியொரு விளக்கு எரிந்திருக்காது. மூச்சு அமைந்த பிறகு இவர் விளக்கொளியில் பெட்டியின் கையேட்டைப் புரட்டி, "இத பாரு, யூஸ் பண்ணாம சும்மா வச்சா கெட்டுப் போகுமாம்" என்று படித்துக் காட்டினார். கையேட்டை எழுதினவனுக்கு எங்கள் ஊர் தெரியாது என்றேன்.

7

நான் வந்த நாளும் வந்தது. மகள் இல்லை, நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஒடியல் மாவைக் காலையிலேயே ஊறப்போட்டுக் கசப்பை வடித்தேன். வெயில் தாழ்ந்த நேரம் தஞ்சோங் பூங்காவுக்குப் போய், காடிக்குப் பக்கத்தில் ஒரு மர நிழலில் மேசையை விரித்து, பெட்டியைத் தள்ளுவண்டியோடு பக்கத்தில் நிறுத்தினேன். இவர் கடலைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பலகணியில் பார்த்த ஆளில்லை. அந்த நிற்பைப் பார்ப்பதற்கே நான் இவ்வளவு அலைந்திருக்கிறேன் என்று தோன்றியது.

அடுப்பை நானூறு வாட்டில் வைத்தேன். மெல்ல வேகட்டும் என்றேன். மீன் தலையும் நண்டும் பயற்றங்காயும் மரவள்ளியும் தண்ணீரில் கிடந்தன. காற்று பானையின் பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. ஒரு குமிழி வரவில்லை. பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அழைத்தார்கள். சூரியன் இறங்கி, கடல் மஞ்சளாகி, பிறகு ஊதா நிறமானது. நான் மூடியைத் திறந்து பார்ப்பதும், திரையைப் பார்ப்பதுமாக இருந்தேன். கூழ் வேகவில்லை, எண்ணிக்கை மட்டும் குறைந்துகொண்டு வந்தது. காற்றைச் சூடாக்கி முடித்ததுதான் என் சிக்கனம். அது தெரிந்தும் என் விரல் கூட்டுகிற பொத்தானுக்குப் போக மறுத்தது.

"கூட்டு பவா" என்றார் இவர்.

"கொஞ்சம் பொறுங்கோ."

"பசிக்குது லா. இப்படி வச்சா நாளைக்குத்தான் குடிக்கணும்."

"கூட்டினால் முடிஞ்சிடும்."

"முடியட்டுமே. யாருக்குச் சேத்து வைக்கிற?"

 பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து, மேசையைப் பிடித்துப் பிடித்து என் பக்கம் வந்தார்.

"எனக்குத்தானே?" என்றார்.

நான் இவரைப் பார்க்கவில்லை.

"நீ தள்ளுவண்டி பாக்கப் போனியே, அப்ப நானும் அந்தக் குமாரிகிட்ட கேட்டேன், மூச்சு மெஷின் இதுல ஓடுமான்னு. அது திருதிருன்னு முழிக்குது. இப்பத்தான் அண்ணே அக்கா கேட்டாங்கன்னு சொல்லுது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஆர் உங்களுக்குச் சொன்னது? டாக்டரோ?"

"என் நெஞ்சு எனக்குத் தெரியாதா? நீதான் ஒளிக்கிறேன்னு நெனச்சிக்கிட்டிருந்த. உன் மூஞ்சிக்கு ஒளிக்க வருமா?"

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா நீ கடற்கரைக்கு வந்திருப்பியா? அந்தப் பெட்டிய சாமித்தட்டுல ஏத்தி வச்சிருப்ப."

உண்மைதான். வைத்திருப்பேன்.

இவர் கையை நீட்டி அடுப்பின் பொத்தானை அழுத்தினார். எண்ணூறு, ஆயிரத்திருநூறு, ஆயிரத்தெட்டுநூறு. பெட்டியின் உள்ளே விசிறி இரைந்தது. "வீட்டுக்குப் போனா பிளக்குல சொருகலாம். இது என்ன உன் யாழ்ப்பாணமா? காலைல நூறு காட்டும், நீயும் அத பாத்துக்கிட்டு உக்காரு" என்றார். திரையில் எண்கள் மளமளவென்று இறங்கின. தோளில் கிடந்த துவாயை எடுத்துத் திரை மட்டும் மறையும்படி போட்டேன். இவர் பார்த்தும் கேலி செய்யவில்லை.

பானை கொதித்தது. புளியையும் அரைத்த மிளகாயையும் விட்டேன். மாவைக் கரைத்து ஊற்றி இவரே துழாவினார். நடுநடுவே நின்று மூச்சு வாங்கினார், அகப்பையைக் கேட்டேன், தரவில்லை. கூழ் இறுகி, வாசம் எழும்பிய பிறகு அடுப்பைக் கழற்றிவிட்டு மீன் தட்டைப் பொருத்தினார். மிளகாய்ச் சம்பல் பூசிய கெம்போங் மீன்களை அடுக்கினார். புகை இல்லை, கொஞ்சம் ஆவிதான், அதையும் காற்று கடல் பக்கம் கொண்டு போனது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்த நேரத்தில், தட்டுக்கு மேலே குனிந்த இவருடைய முகத்தை நான் வீடியோ எடுத்தேன். மகளுக்கு அனுப்பினேன். அவள் பூனை எதுவும் அனுப்பவில்லை. "அப்பா" என்று ஒரு சொல், தமிழ் எழுத்தில்.

கடைசி மீனைத் திருப்பும்போது பெட்டி விட்டு விட்டுக் கத்தியது, பிறகு விசிறி நின்றது. துவாயை எடுத்துப் பார்த்தேன். திரையில் ஒன்றுமே இல்லை, எண் கூட இல்லை. சுற்றிலும் கடல் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

இவர் நாற்காலியில் சாய்ந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அந்த நேரத்தில் பயப்படவில்லை என்று உங்களுக்கு எழுதத்தான் ஆசை. ஆனால் பயந்தேன். வரப்போகிற எல்லா நாட்களையும் நினைத்துப் பயந்தேன். இவர் காலிக் கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். பயந்தபடியே அகப்பை நிறைய அள்ளி, கோப்பை வழிய வழிய ஊற்றினேன்.